ரேடியேஷனுக்கு முன்னாடி வைக்கற தங்க மணி இதயத்துக்குப் போயிருமா?

வால்பாறையில இருந்து ஒரு அம்மணி கேட்டிருக்காங்க. "எங்கப்பாவுக்கு நுரையீரல்ல கட்டி. ரேடியேஷனுக்கு முன்னாடி, சிடி ஸ்கேன்ல பாத்து ஊசி வழியா தங்க மணி வைக்கணும்னு கோயமுத்தூர்ல சொல்லியிருக்காங்க. அது ரத்தத்துல கலந்து இதயத்துக்குப் போயிருமா? வெச்ச அன்னிக்கே ஊருக்குத் திரும்பலாமா?"

நீங்க பயப்படறது மொத கேள்விக்கு. எனக்கு ரெண்டாவதுதான் முக்கியமாப் படுதுங்க.

மணின்னா அரிசியை விடச் சின்னது. 1 மில்லிமீட்டர் தடிமன், 3லருந்து 5 மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான். மூச்சு விடறப்போ கட்டி மேலயும் கீழயும் போயிட்டு வருமில்லைங்களா, எக்ஸ்ரேல இந்தத் தங்கம் பளிச்னு தெரியறதால மெஷின் அதைப் பாத்துக் குறி வைக்கும். சிகிச்சை முடிஞ்சா எடுத்துக் கையில குடுப்பாங்களான்னு ஒருத்தர் கேட்டாரு. இல்லைங்க, உள்ளயேதான் இருக்கும்.

மணி கொஞ்சம் நகர்றது உண்டு. அதுக்குத்தான் உடனே ரேடியேஷனுக்குத் திட்டம் போடாம, ஒரு வாரம் போல விட்டு மறுபடி சிடி எடுப்பாங்க. ரத்தக்குழாய்க்குள்ள போய் இதயத்துக்குப் போறது ரொம்ப ரொம்ப அபூர்வம். கல்லீரல்ல வெச்ச மணி அப்படிப் போய் நுரையீரல்ல தங்கினது உண்டு; பெரும்பாலும் தொந்தரவு பண்றதில்ல. நுரையீரல்ல இருந்து கிளம்பினா இதயத்தோட இடது பக்கம் போகும், அங்கிருந்து உடம்புல எங்க வேணா போகலாம். அதே வழியில காத்துக் குமிழி போறதும் அபூர்வம்தான், ஆனா மூளைக்குப் போனா பக்கவாதம் மாதிரி வந்துரும். அதனால ஊசி உள்ள இருக்கறப்போ இருமாதீங்க, பேசாதீங்க, இழுத்து மூச்சு விடாதீங்கன்னு சொன்னா அப்பா அப்படியே கேக்கணும்.

அபூர்வமில்லாத ஒண்ணு இருக்குது. ஊசி போன ஓட்டை வழியா காத்துக் கசிஞ்சு நுரையீரலுக்கு வெளிய சேந்துரும். கொஞ்சமா இருந்தா தானா வத்திரும், நெறயா இருந்தா நெஞ்சுல ட்யூப் போடணும். இதுக்குத்தான் முடிச்சதும் சில மணி நேரம் படுக்க வெச்சு எக்ஸ்ரே எடுக்கறாங்க.

இப்ப உங்க ஊருக்கு வாங்க. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. மேல போகப் போக காத்தழுத்தம் குறையும். உள்ள சிக்கின காத்து விரியும். பாதி மலையில மூச்சுத் திணறினா வண்டியை எங்கங்க திருப்புவீங்க? அன்னிக்கு ராத்திரி பொள்ளாச்சியிலயோ கோயமுத்தூர்லயோ சொந்தக்காரங்க வீட்டுல தங்கிருங்க. எப்ப மலை ஏறலாம்னு எக்ஸ்ரே பாத்த டாக்டரே சொல்லட்டும். ஒரு பக்கமா நெஞ்சு குத்துச்சுன்னா, மூச்சு வாங்குச்சுன்னா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. பக்கத்து ஆஸ்பத்திரிக்கே போய், நுரையீரல்ல ஊசி போட்டிருக்குதுன்னு மொத வார்த்தையாச் சொல்லுங்க.

அப்பா இதயத்துக்கு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடறாருன்னா முன்கூட்டியே சொல்லிருங்க. நீங்களா நிறுத்திராதீங்க.