பரிசு பெற்ற பிளாஸ்டிக்கும் வேலைக்கு வந்த பிளாஸ்டிக்கும்

அவையோருக்கு வணக்கம். மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் என்றதும் எல்லோரும் பாலிஅசெட்டிலினைத்தான் முதலில் சொல்வார்கள். 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசுக்கு வழிவகுத்த பொருள் அது. ஆனால் இன்று நம் வீட்டில் உள்ள எந்தக் கருவியிலும் அதைத் தேடிக் காண முடியாது. அது ஏன் என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1967இல் டோக்கியோவில் ஹிடெக்கி ஷிரகாவா பணிபுரிந்த ஆய்வகத்தில், பாலிஅசெட்டிலின் தயாரிக்கும்போது ஒருவர் வினையூக்கியை ஆயிரம் மடங்கு கூடுதலாகச் சேர்த்துவிட்டார். வழக்கமான கரும்பொடிக்குப் பதிலாக, திரவத்தின் மேல் வெள்ளிபோல் மின்னும் மெல்லிய ஏடு படிந்தது. பார்வைக்கு உலோகம், ஆனால் உலோகத்தைப் போல அது மின்சாரத்தைக் கடத்தவில்லை. அதற்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1976 நவம்பர் 23. வேதியியலாளர் ஆலன் மெக்டயர்மிட்டின் அழைப்பில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்த ஷிரகாவா, அங்கு இயற்பியலாளர் ஆலன் ஹீகரின் குழுவைச் சேர்ந்த சியாங்குடன் சேர்ந்து ஏட்டின் மீது புரோமினைச் செலுத்தினார். கருவியின் அளவுவீச்சை மாற்றக்கூட நேரம் தராமல் கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு எகிறியது.

எப்படி? நிரம்பி வழியும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவராலும் நகர முடியாது. இரண்டு பேர் இறங்கினால் உள்ளே நகர்வு தொடங்கிவிடும். பாலிஅசெட்டிலின் ஒரு பாலிமர், அதாவது சிறு மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருகின்றன. புரோமினோ அயோடினோ அதிலிருந்து சில எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்கிறது. அதனால் உண்டாகும் மின்னூட்டம் சங்கிலி நெடுக ஓடுகிறது. இங்கே ஒரு கடன் தீர்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் வைஸ் என்பவரின் குழு 1963இலேயே அயோடின் சேர்ந்த பாலிபைரோல் என்ற இன்னொரு பாலிமர் நன்றாகக் கடத்துவதைக் கண்டு எழுதிவிட்டது. அவர்களைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்வது நியாயமல்ல.

பின்னர் பாலிஅசெட்டிலினின் கடத்துதிறனைத் தாமிரத்தின் அருகே வரை கொண்டுபோனார்கள். இருந்தும் பயனில்லை. காற்றுப் பட்டால் அது கெடுகிறது. உருக்கவும் முடியாது, கரைக்கவும் முடியாது. பிறகு எப்படி அதை அச்சில் வார்ப்பது?

வேலைக்கு வந்தது பெடாட் என்ற இன்னொரு கடத்தும் பாலிமர். ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் 1980களின் இறுதியில் பிறந்தது. பிஎஸ்எஸ் என்ற அமிலப் பாலிமருடன் சேர்ந்தால் கருநீல நீர்மமாகத் தண்ணீரில் பரவி நிற்கும். வண்ணம் பூசுவதுபோல் பூசலாம். முதலில் அதற்கு வேலை கொடுத்தது புகைப்படச் சுருள். வறண்ட காற்றில் சுருளை இழுக்கும்போது நிலைமின்சாரம் பொறிந்து, படத்தில் மரக்கிளை போன்ற ஒளிக்கீறல்களைப் பதித்துவிடும். அதைத் தடுக்கத் தாமிரம் அளவுக்குக் கடத்த வேண்டியதில்லை, சேரும் மின்னூட்டத்தை மெல்ல வழியவிட்டாலே போதும். பெடாட் அதைச் செய்தது. இன்று மின்தேக்கிகளிலும் இருக்கிறது.

இரண்டு பொருள்களைக் கலந்து செய்யும் கூட்டுப்பொருள்களின் வழி வேறு. கடத்தாத பாலிஎத்திலீனில் கரித்தூளைக் கலக்கிறார்கள். குறிப்பிட்ட அளவு வரை ஒன்றும் நடக்காது. அந்த எல்லையைத் தாண்டியதும் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பாதை திறந்துவிடும். கரித்தூளுக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய, நீளமான கார்பன் நானோகுழாய்கள் என்றால் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே போதும். மின்னோட்டம் அளவுமீறிப் பொருள் சூடேறினால் பாலிஎத்திலீனின் படிகங்கள் உருகி விரிகின்றன, துகள்கள் விலகுகின்றன, பாதை அறுகிறது. ஆறியதும் மீண்டும் கடத்தும். மாற்ற வேண்டிய அவசியமே இல்லாத ஃபியூஸ் இப்படித்தான் வேலை செய்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பொருள் இதுதான்.

ஆராய்ச்சி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடத்துதிறனின் உச்ச எண்ணை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். பெடாட்டுடன் சேரும் பிஎஸ்எஸ் ஈரத்தை உறிஞ்சுகிறது. அதன் அமிலம் அடியில் உள்ள இண்டியம் டின் ஆக்ஸைடு என்ற, ஒளி புகும் கடத்தி அடுக்கை அரிக்கிறது. செய்த பூச்சை ஈரக்காற்றில் சில மாதங்கள் வைத்து மறுபடி அளந்து, அந்த எண்ணையும் முதல் எண்ணுக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.