செட்டிநாடு ஸ்டேஷனுக்கு வர்றீங்களா? இதைக் கேட்டுட்டுக் கிளம்புங்க

வணக்கம் மக்களே. பின்னாடி மஞ்சப் போர்டு தெரியுதா? செட்டிநாடு. இந்தப் பேரை நம்பி, பெரிய ஊரு, இறங்கினதும் ஆட்டோ ஓட்டல் எல்லாம் இருக்கும்னு நினைச்சு வந்துடாதீங்க. செட்டிநாடுங்கறது எழுபதுக்கு மேல ஊருங்க சேர்ந்த வட்டாரம். இந்த ஸ்டேஷன் கானாடுகாத்தானுக்குப் பக்கத்துல இருக்கு, ஊருக்குள்ள இல்ல. அரண்மனை பாக்கப் போறவங்க வண்டிக்கு முன்னாடியே சொல்லி வச்சிருங்க. தேவகோட்டை ரஸ்தா ஸ்டேஷனும் இதே மாதிரிதான். அங்க இறங்கி, தேவகோட்டைக்குத் தனியா போகணும்.

திருச்சி, புதுக்கோட்டை, திருமயம், செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடி. இதான் வரிசை. புதுக்கோட்டையிலேர்ந்து மானாமதுரை வரைக்கும் 1930ல திறந்த பாதை. தண்டவாள இடைவெளி முன்னாடி ஒரு மீட்டர், அதான் மீட்டர் கேஜ். இப்ப 1676 மில்லிமீட்டர் பிராட் கேஜ், மேல கரண்டு கம்பி. ஆனா இன்னும் ஒத்தத் தடம்தான். நேரம் தப்புறது இதனாலதான். எதிர் வண்டி லேட்டுன்னா, உங்க வண்டி சரியா வந்தாலும் கிராசிங்குக்காக, அதாவது எதிர் வண்டிக்கு வழி விட, முன்னாடி ஏதாவது ஒரு ஸ்டேஷன்ல நின்னுரும். அதனால வண்டி எங்க வருதுன்னு காட்டுற ரயில்வேயோட என்.டி.இ.எஸ். ஆப்ல உங்க வண்டியை மட்டும் பாக்காதீங்க, எதிர்ல வர்றதையும் பாருங்க. எல்லா எக்ஸ்பிரஸும் இங்க நிக்காது. திரும்புற வண்டி எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கிளம்புங்க.

டிக்கெட்டு. ரயில்வேயோட ரயில் ஒன் ஆப்ல பேப்பர் இல்லாத டிக்கெட்டை ஸ்டேஷனுக்குள்ள நின்னு எடுக்க வராது, வெளிய இருக்கும்போதே போட்டுருங்க. அதை கேன்சலும் பண்ண முடியாது. காரைக்குடியிலேர்ந்து பாசஞ்சர்னா 10 ரூபாய். அந்த டிக்கெட்டோட எக்ஸ்பிரஸ்ல ஏறினா அபராதம் விழும். காலையில எடுத்ததைச் சாயங்காலத்துக்கு வச்சுக்கவும் முடியாது, 200 கிலோமீட்டருக்குள்ளன்னா 3 மணி நேரத்துல பயணம் தொடங்கிடணும். வழியனுப்ப, சும்மா சுத்திப் பாக்க வர்றவங்களுக்குப் பிளாட்பார டிக்கெட்டு 10 ரூபாய், 2 மணி நேரம்.

வயசானவங்க கூட வந்தா முன்பதிவில்லாப் பெட்டி எங்க நிக்கும்னு ஸ்டேஷன்ல கேட்டு, அங்கயே போய் நில்லுங்க. அது பெரும்பாலும் வண்டியோட முன் கோடியிலயும் பின் கோடியிலயும்தான் இருக்கும். சின்ன ஸ்டேஷன்ல வண்டி ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான் நிக்கும், ஓடிப் பிடிக்க நேரம் கிடைக்காது.

போட்டோ எடுக்குறவங்களுக்கு ஒரு விஷயம், இதை அழுத்திச் சொல்றேன். மேல போற கம்பியில 25,000 வோல்ட். தொடவே வேணாம், நெருங்கினாலே பாயும். நடைமேம்பாலத்துல நின்னு செல்ஃபி ஸ்டிக்கை மேல நீட்டாதீங்க. தண்டவாளத்துல இறங்கினா ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவு, ஆறு மாசம் வரை ஜெயில், இல்லன்னா 1000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். பெரிய கேமரான்னா முதல்ல ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட கேட்டுக்கங்க. சாப்பாடு, தண்ணி கையில இருக்கட்டும்.

சரி, சிக்னல் விழுந்துருச்சு. கோட்டுக்குப் பின்னாடி வந்துருவோம்.