கல்லில் முளைத்த பெரணி

நண்பர்களே, வணக்கம். முதலில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி நாட்களில் ஒரு கடையில் வெளிர் மஞ்சள் சுண்ணாம்புக்கல் பலகை வாங்கினேன். அதில் மை தீட்டியதுபோல் கருப்பாகப் பெரணி இலைகள். "பல கோடி வருஷத்துச் செடி சார்" என்றார் கடைக்காரர். பத்து வருடம் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்தேன். அது செடியே இல்லை.

அதன் பெயர் டென்ட்ரைட். கிரேக்க மொழியில் மரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஏமாற்று வேலை பெயரிலேயே ஆரம்பித்துவிடுகிறது. பாறை வெடிப்பில் கசியும் நீரில் மாங்கனீசு கரைந்திருக்கும். ஆக்சிஜன் பட்டால் அது கருப்பு ஆக்சைடாகப் படியும். படிந்ததில் ஒரு முனை கொஞ்சம் துருத்தினால் போதும், புதிதாக வரும் மாங்கனீசு முதலில் அதற்குத்தான் கிடைக்கும். முனை நீளும், பின்னால் இருப்பது பட்டினி கிடக்கும். இப்படித்தான் கிளை விடுகிறது. 1981இல் விட்டன், சாண்டர் என்ற இரு இயற்பியலாளர்கள் கணினியில் துகள்களை இஷ்டத்துக்கு அலையவிட்டு, தொட்ட இடத்தில் ஒட்டவைத்தார்கள். அங்கேயும் இதே மாதிரி கிளைகள்தான் வந்தன.

சரி, நிஜப் புதைபடிவ இலையா, டென்ட்ரைட்டா என்று எப்படி அடையாளம் காண்பது? உதிரும் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். டென்ட்ரைட் கிளைகள் அப்படிக் குறுக்கே தாண்டுவது அபூர்வம். பக்கத்துக் கிளை உறிஞ்சிய இடத்தில் வளர எதுவும் மிஞ்சாது. நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் களிப்பாறைகளில் கிடைக்கும் டிலோஃபில்லம் என்ற அழிந்துபோன செடியின் இலையில் நடுவே ஒரு தண்டு, இருபுறமும் சீப்புப் பற்கள்போல் ஒழுங்கான சிற்றிலைகள். டென்ட்ரைட்டில் அந்த ஒழுங்கைத் தேடினாலும் கிடைக்காது. அப்புறம், இலை படிவு அடுக்கோடு படுத்துக் கிடக்கும். டென்ட்ரைட் அடுக்கைக் குறுக்கே வெட்டும் வெடிப்பிலும் இருக்கும். கிரானைட் வெடிப்பில் 'பெரணி' கண்டால் யோசிக்கவே வேண்டாம். கிரானைட் உருவான பாறைக்குழம்பில் எந்த இலை தப்பிக்கும்?

ஆளை அதிகம் குழப்புவது ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக்கல். ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற ஆதிப் பறவையின் புதைபடிவம் கிடைத்த, சுமார் 15 கோடி ஆண்டுப் பாறை. மீன், இறால் எல்லாம் அதில் உண்டு, டென்ட்ரைட்டும் ஏராளம். நிஜ மீனுக்குப் பக்கத்தில் ஒரு 'செடி' இருந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்?

என் பலகையைத் தூக்கிப் போடவில்லை, கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசையிலிருந்து அப்படியே கைமாற்றுங்கள், லென்ஸும் வருகிறது. 'செடிகள்' எல்லாம் வரப்போரப் புல்போல ஒரே கோட்டிலிருந்து கிளம்புகின்றன பாருங்கள். அந்தக் கோடுதான் வெடிப்பு.