குரோம்பேட்டையிலிருந்து கப்பல் ஏறியது
(குரோம்பேட்டையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊரின் பெயரிலேயே ஒரு தொழிற்சாலை இருக்கிறது. குரோமிய உப்பால் தோலைப் பதனிடும் முறையை 1900களின் தொடக்கத்தில் சென்னையில் சோதித்துப் பார்த்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். அப்புறம் சேம்பர்ஸ் என்பவரின் குரோம் லெதர் கம்பெனி இங்கே வந்தது. ஆவாரம் பட்டையில் வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோல், குரோமில் சில நாட்களிலேயே பதமாகிவிடும். கம்பெனி இன்று இல்லை. பெயர் மட்டும் ரயில் நிலையப் பலகையில் நிற்கிறது.

நான் முப்பது வருடம் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் ஷிப்பிங் பில்லும் இன்வாய்சும் எழுதியவன். அதனால் ஏற்றுமதியைப் பற்றித் தோலை வைத்துத்தான் எனக்குப் பேசத் தெரியும்.

ஒரு காலத்தில் நாம் வெளிநாட்டுக்கு அனுப்பியதில் பெரும்பங்கு பாதி பதனிட்ட தோல்தான். சென்னையின் தோல் வியாபார இடமான பெரியமேட்டில் அதை ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்பார்கள். அதை வாங்கி மெருகேற்றி, செருப்பாகவும் பையாகவும் விற்றவர்களுக்குத்தான் நல்ல காசு. 1970களின் தொடக்கத்தில் அரசு அமைத்த சீதாராமையா குழு, இப்படிப் பாதி வேலையோடு அனுப்புவதைக் குறைக்கச் சொன்னது. அரசும் அளவுக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. எதிர்ப்பு இருந்தது. ஆனால் ராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் முழுதாக மெருகேற்றிய தோலுக்கும், பிறகு ஷூவுக்கும் நகர்ந்தது அதன் பிறகுதான். நம் நாட்டில் நான் பார்த்த நல்ல பொருளாதார முடிவுகளில் அதற்கு முதலிடம் கொடுப்பேன்.

ஆனாலும் பாதை முழுவதும் கடந்துவிடவில்லை. ஷூவின் மேல்பாகத்தை எங்கள் தொழிலில் அப்பர் என்போம். ஆம்பூர்ப் பக்கம் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் கூலிக்குத் தைப்பார்கள். அந்த அப்பரைப் பெட்டி பெட்டியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினோம். ஒருமுறை வாங்குபவர் அனுப்பிய விலைப்பட்டியலில் எங்கள் அப்பர் முழு ஷூவாகி நிற்பதைப் பார்த்தேன். அடிப்பாகம் ஒட்டியது அங்கே, தயாரித்த இடமாகப் போட்டிருந்த பெயரும் அந்த ஊருடையது. கடை விலையையும் நான் எழுதிய இன்வாய்ஸ் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஷூ கப்பல் ஏறிவிடும், பதனிட்ட உப்பும் குரோமும் பாலாற்றங்கரையிலேயே தங்கிவிடும். குடிதண்ணீர் கெட்டுப்போன வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ல் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை நம் சட்டத்தில் வலுப்பெற்ற தீர்ப்புகளில் அதுவும் ஒன்று. நான் எழுதிய எந்த இன்வாய்சிலும் அந்தத் தண்ணீருக்கு விலை போடவில்லை.

சரி, இப்போது மேலே பாருங்கள். நம் தலைக்கு மேல் மீனம்பாக்கம் விமானங்கள். 2025ல் அமெரிக்கா சுங்கவரியை உயர்த்தும் என்ற பேச்சு வந்ததும், அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று சுமார் 600 டன் ஐபோன்கள் சென்னையிலிருந்து சரக்கு விமானங்களில் பறந்ததாகச் செய்தி வந்தது. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த போனின் சிப்பும் திரையும் எங்கிருந்து வந்தன? உதிரிப் பாகங்களில் கணிசமானவை இறக்குமதி. கையில் நிற்பது பெரும்பாலும் பூட்டுகிற கூலி. அப்படிப் பூட்டும் வேலை எவ்வளவு சுலபமாகப் போய்விடும் என்பதை ஸ்ரீபெரும்புதூர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2006ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. அதை நம்பியிருந்த உதிரிபாக ஆலைகளுக்கும் அடி விழுந்தது.

2025 பட்ஜெட்டில் கிரஸ்ட் தோல் ஏற்றுமதிக்கு இருந்த 20 சதவீத வரி நீக்கப்பட்டது. கிரஸ்ட் என்றால் மெருகேற்றாமல் உலரவைத்த தோல். தோல் பதனிடும் சிறு ஆலைகளுக்கு அதனால் மூச்சு விட இடம் கிடைக்கும், புரிகிறது. எனக்கு மட்டும் பெரியமேட்டு ஈ.ஐ. தோல் மூட்டைகள்தான் கண்ணில் வருகின்றன.

முன்வரிசையில் இருக்கும் தம்பி, டிப்ளமா முடித்துவிட்டு எந்த ஆலையில் சேரலாம் என்று கேட்டார். தம்பி, இங்கிருந்து மின்ரயிலில் ஏறினால் ஆறாவது நிலையம் கிண்டி. அங்கே மத்திய காலணிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கு சிப்பெட் இருக்கிறது. தோல் ஆராய்ச்சி என்றால் 1948லிருந்து அடையாறில் சி.எல்.ஆர்.ஐ. என்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கெல்லாம் போய், ஷூவை வடிவமைக்கவும் அதற்கான அச்சுகளைச் செய்யவும் கற்றுத் தருகிறார்களா என்று விசாரியுங்கள். ஆலையைப் பற்றி அப்புறம் பேசுவோம்.