வால் வழியே மூச்சு வாங்கிய விமானம்

நேயர்களுக்கு வணக்கம். புகாட்டி என்றதும் நமக்குக் கார்தான் நினைவுக்கு வரும். அந்தக் கார்களைச் செய்த எட்டோரே புகாட்டி ஒரு பந்தய விமானமும் செய்தார். பெயர் 100பி. நான் படத்தில் பார்த்த விமானங்களிலேயே அழகானது அதுதான். ஆனால், அது ஒருமுறைகூடத் தரையை விட்டு எழும்பியதில்லை.

பிரான்சில் நடந்த ஒரு புகழ்பெற்ற வேகப் பந்தயத்தின் கோப்பையை 1939இல் வெல்லவேண்டும் என்பது புகாட்டியின் ஆசை. பெல்ஜியப் பொறியாளர் லூயி த மோன்ஷ் வடிவமைத்தார். பாரிசில், மேசை நாற்காலி செய்யும் பட்டறை ஒன்றின் மாடியில் வேலை தொடங்கியது. பட்டறை பொருத்தமானதுதான், ஏனென்றால் விமானத்தின் உடல் முழுக்க மரம்.

என்ஜின்கள் இரண்டு. இரண்டும் புகாட்டியின் பந்தயக் கார் என்ஜின்களே; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 450 குதிரைத்திறன். அவற்றை விமானியின் முதுகுக்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார்கள். உந்துவிசிறிகளோ மூக்கில் இருக்கின்றன. ஆகவே இரண்டு நீண்ட தண்டுகள் விமானியின் இருபுறமும் ஓடி, ஒரே அச்சில் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு விசிறிகளையும் இயக்கவேண்டும். ஒற்றை விசிறி என்றால் விமானத்தை ஒரு பக்கமாக முறுக்கும். எதிரெதிராகச் சுற்றினால் அந்த முறுக்கு தீர்ந்துபோகும். கணக்கு சரிதான். ஆனால் வெறிகொண்டு சுழலும் இரண்டு தண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவரை நினைத்தால் எனக்கு விலா கூசுகிறது.

என்னை மிகவும் கவர்ந்தது அதன் வால்தான். என்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரை வெளிக்காற்றில் நீட்டினால், அதுவே வேகத்துக்கு முட்டுக்கட்டையாகிவிடும். த மோன்ஷ் அதை உடலுக்குள் ஒளித்தார். வாலின் முன்விளிம்பில் உள்ள திறப்புகளில் காற்று புகுந்து, அப்படியே திரும்பி, முன்னோக்கி வந்து ரேடியேட்டரைக் கடந்து, இறக்கையின் பின்விளிம்பு வழியே வெளியேறும்.

பந்தய நாளுக்குள் வேலை முடியவில்லை. போர் வந்து பந்தயமும் நின்றது. 1940 ஜூனில், ஜெர்மன் படை பாரிசை நெருங்கியபோது, விமானத்தை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் மறைத்து வைத்தார்கள். போர் முடிந்தபின் அதைத் தொட்டு முடிக்க ஆளில்லை. 1947இல் புகாட்டி காலமானார்.

பிற்காலத்தில் அமெரிக்காவில் சிலர் அதே வடிவத்தில், மோட்டார் சைக்கிள் என்ஜின்களைப் பொருத்தி ஒரு விமானம் கட்டினார்கள். 2015இல் அது ஒக்லஹோமாவில் பறந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், மூன்றாவது முறை எழும்பியபோது விழுந்து நொறுங்கியது. அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கிய விமானியே அதில் இறந்துபோனார்.

அசல் விமானம் இன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஆஷ்கோஷ் நகர அருங்காட்சியகத்தில் நீல வண்ணத்தில் நிற்கிறது. உள்ளே என்ஜின்கள் இல்லை. கார்களுக்காக எப்போதோ கழற்றி எடுத்துக்கொண்டார்கள்.