மூக்கைத் தேய்ச்சா கப்பல் நகருமா?

நடுவர் ஐயா, எதிரணி அக்கா பத்து நிமிஷம் பேசினாங்க, அதுல எட்டு நிமிஷம் விக்கியோட மூக்கைப் பத்தியே பேசினாங்க. விக்கி மூக்கைத் தேய்ப்பான், நட்சத்திரம் பறக்கும், ஐடியா வரும், அவ்ளோதான், ஜெயிச்சாச்சு! "விக்கி தி வைக்கிங் கார்ட்டூன் தொடர்ல கூட்டத்தை ஜெயிக்க வைக்கிறது மூளையா, பலமா"ங்கிற தலைப்புக்கு இதுதான் அவங்க பதில். நான் பலம்னு சொல்ல வந்திருக்கேன், சிரிக்காதீங்க, கொஞ்சம் கேளுங்க.

முதல்ல பேரைப் பாருங்க. சுவீடன்காரர் ரூனர் யோன்சன் எழுதின கதைய வச்சு 1974ல ஜெர்மன் டிவிக்காக ஜப்பான்காரங்க வரைஞ்ச தொடர் இது, மொத்தம் 78 எபிசோட். வைக்கிங்னா அந்தக் காலத்துல கப்பல்ல போய் கொள்ளையடிச்ச வட ஐரோப்பாக்காரங்க, விக்கி அப்படி ஒரு கூட்டத்துத் தலைவரோட சின்னப் பையன். ஜெர்மன்ல அதோட பேரைத் தமிழ்ல சொன்னா 'விக்கியும் பலசாலி ஆட்களும்'. நம்ம இலக்கணத்துல இதை எண்ணும்மைனு சொல்வோம், ரெண்டு பக்கமும் 'உம்' இருக்கணும், எதிரணி ஒரு 'உம்'மை மட்டும் வச்சுகிட்டு இன்னொண்ண கடல்ல தூக்கி போட்டுட்டாங்க.

சரி, அக்கா சொன்ன பெரிய பாயிண்ட்டுக்கு வரேன். ஆரம்பத்துலயே அப்பா ஹால்வாருக்கும் விக்கிக்கும் கல்லு சுமக்கிற போட்டி வருது, அப்பா முதுகு ஒடிய சுமக்குறாரு, பையன் கவண் மாதிரி ஒண்ணு செஞ்சு கல்லை வீசியே ஜெயிச்சுடுறான். உண்மைதான், மறுக்கல. ஆனா அதுக்கப்புறம் என்ன நடக்குது? ஊர் முன்னாடி பொடிப்பயகிட்ட தோத்த தலைவரு அவனையே கப்பல்ல கூட்டிட்டு போறாரு! நம்ம வீட்ல ஒரு அப்பா, கேரம்ல பையன்கிட்ட தோத்தாலே போர்டை மடிச்சு வச்சுடுவாரு. தோத்ததை ஜீரணிக்கிறதுக்கும் ஒரு தெம்பு வேணும் ஐயா, அது கையில இருக்கிற தசை இல்ல, ஆனா அதுவும் பலம்தான்.

அப்புறம் கப்பல். நார்வேல 1880ல கோக்ஸ்டாட்ங்கிற இடத்துல மேட்டைத் தோண்டி நிஜ வைக்கிங் கப்பல் ஒண்ணை எடுத்தாங்க, பக்கத்துக்கு 16னு மொத்தம் 32 துடுப்பு. காத்து இல்லாத நாள்ல அதை இழுக்க 32 ஜோடி கை வேணும். கார்ட்டூன்ல ஆளு கம்மி, ஹால்வார், எப்ப பாரு சண்டை போடுற ஸ்னோரும் சூரேவும், மலை மாதிரி ஃபாக்ஸே, வயசான உரோபே, யாழ் வச்சுகிட்டு கவிதை பாடுற உல்மே, எதைப் பாத்தாலும் துள்ளுற கோர்ம். (உல்மே துடுப்பு போட்டானானு கேக்காதீங்க, ஒவ்வொரு குழுவுலயும் ஒரு கவிஞர் இருக்கத்தான் செய்வாரு.) கடல் கொள்ளைக்காரன் பயங்கர ஸ்வென் துரத்திட்டு வரும்போது விக்கிக்கு ஐடியா வந்துடுச்சு, சரி, கயிறை யாரு இழுக்கிறது, பாயை யாரு ஏத்துறது, நட்சத்திரமா வந்து ஏத்தும்?

இன்னொண்ணு, எதிரணி தம்பி அவங்களைக் "கொம்பு வச்ச முட்டாளுங்க"னு கிண்டல் பண்ணினாரு. தம்பி, நிஜ வைக்கிங் போர்வீரன் கொம்பு வச்ச தலைக்கவசம் போட்டதுக்கு ஆதாரமே இல்ல, 1876ல ஜெர்மனியில இசையமைப்பாளர் வாக்னரோட ஓபராவுக்கு, அதாவது பாட்டு நாடகத்துக்கு, டிரெஸ் டிசைன் பண்ணினவரு மாட்டிவிட்ட கொம்புதான் அப்படியே பரவி கார்ட்டூன் வரைக்கும் வந்துடுச்சு. அது முட்டாள்தனத்துக்கு அடையாளம்னா விக்கி தலையிலயும் அதே கொம்பு இருக்கே, கவனிச்சீங்களா?

எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் ஃபாக்ஸே. கூட்டத்துலயே பெரிய உடம்பு, மெதுவா பேசுவான், யோசிக்க நேரம் எடுப்பான், ஆனா விக்கி ஒண்ணு சொன்னா உடனே நம்புவான். ஓநாயைப் பாத்தா ஓடுற பையன் விக்கி, நினைவிருக்கட்டும். பக்கத்துல இப்படி ஒரு ஆளு நிக்கிற தைரியத்துலதான் அவனுக்கு நிதானமா மூக்கைத் தேய்க்கவே முடியுது.

நடுவர் ஐயா கை மணி பக்கம் போகுது, முடிச்சுடுறேன். எதிரணிக்கு ஒரு வேலை தரேன், இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் மூக்கை நல்லா தேய்ச்சுகிட்டே பீரோவை நகர்த்திப் பாருங்க, நகரலைன்னா போன் பண்ணுங்க, நானும் எங்க அண்ணனும் வரோம்.