விதர் என்ற சொல்லும் அப்பாவின் ஸ்டோரும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். 31 வருடம் மலையகப் பாடசாலைகளில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றேன். இன்றைக்கு வானொலியில் பேசக் கூப்பிட்டபோது, "கஷ்டமான ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் பண்ண ஒரு வழி சொல்லுங்க டீச்சர்" என்றார்கள். மனப்பாடம் பண்ணுகிற வழியை நான் எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை. நான் சொல்வது வேறு. புதுச் சொல் ஒன்றைப் படித்தால் அன்றைக்கே அதை வைத்து ஒரு வசனம் எழுதுங்கள். அந்த வசனம் உங்கள் வீட்டைப் பற்றியோ, உங்கள் வேலையைப் பற்றியோ இருக்க வேண்டும். இந்த ஒன்றைத்தான் இன்றைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொண்டு கேளுங்கள்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு ஏழாம் வகுப்பில் ஆங்கிலம் எடுத்த டீச்சர் தந்தது. அவர் காலையில் கரும்பலகை மூலையில் ஒரு சொல் எழுதிப்போடுவார். மறுநாள் அந்தச் சொல்லை வைத்து ஒரு வசனத்தோடு வர வேண்டும். அதில் நம் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நம் வீட்டில் இருக்கிற ஏதாவது ஒன்று கட்டாயம் வர வேண்டும். புத்தக வசனம் செல்லாது.

ஒருநாள் 'விதர்' என்று எழுதிப்போட்டார். அகராதியைப் பார்த்தேன். வாடு, உலர்ந்துபோ என்று இருந்தது. 'தி ஃப்ளவர் விதர்ட்' என்று எழுதிக்கொண்டு போனேன். பூ வாடியது. பிழை ஒன்றும் இல்லை. ஆனால் டீச்சர் கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது யார் வீட்டுப் பூ? எந்த ஊர்ப் பிள்ளையும் இதை எழுதலாமே" என்றார்.

அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தோட்டத்துக்கு வெளியே இருந்து கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன், தேயிலை பக்டரியைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். அன்று இரவு அவர் வந்து உட்கார்ந்ததும் வழக்கம்போலக் கேட்டார். "என்ன புள்ள, இன்னைக்கு என்ன சொல்லு?" நான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "அடி, அது நம்ம ஸ்டோர் சொல்லுல்ல!"

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. "இன்னைக்கு விதர் சரியா வரல", "மழைக் கொழுந்து, விதராக நேரமாகும்" என்று அப்பா சொல்லி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அது தமிழ்ச் சொல் என்றே இருந்துவிட்டேன். கரும்பலகையில் இருந்த விதரும் அப்பா வாயில் இருந்த விதரும் ஒன்று என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த விடுமுறை நாளில் அப்பா என்னை ஸ்டோருக்கு மேல்மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீள நீளமான தொட்டிகள். கம்பி வலைக்கு மேலே பச்சைக் கொழுந்து பரப்பியிருக்கும். அடியில் இருந்து விசிறிக் காற்று வரும். 12 மணி நேரம், மழைக் காலம் என்றால் 18 மணி நேரம்கூட அப்படிக் கிடந்துதான் கொழுந்து வாடும். அப்பா ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தார். கையைத் திறந்தார். கொழுந்து உருண்டையாக அப்படியே இருந்தது, மெதுவாகத்தான் விரிந்தது. ஒரு காம்பை எடுத்து வளைத்தார். முறியவில்லை. "முறிஞ்சா விதர் பத்தல. இப்படி வளையணும்" என்றார். அந்தப் பச்சை வாசம் இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு வருகிறது.

மறுநாள் எழுதிக்கொண்டு போன வசனம், 'மை ஃபாதர் விதர்ஸ் த லீஃப் ஓல் நைட்'. என் அப்பா இரவு முழுக்கக் கொழுந்து வாட்டுகிறார். டீச்சர் யோசித்தார். பூ வாடும், சரி. ஒரு ஆள் கொழுந்தை 'விதர்' பண்ணலாமா? பெரிய அகராதியை எடுத்துவந்து எங்களுக்கு முன்னாலேயே பார்த்தார். பண்ணலாம் என்று இருந்தது. நாம் தமிழில் வாடு, வாட்டு என்று இரண்டாகச் சொல்வதை ஆங்கிலம் ஒரே சொல்லில் சொல்கிறது. இந்த விஷயம் 'விதர் - வாடு' என்று நூறு தடவை எழுதினாலும் தெரியவராது. வசனம் எழுதினேன், ஒரு சந்தேகம் வந்தது, சந்தேகம் வந்ததால் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கதை அதோடு முடியவில்லை. சில வருடங்கள் கழித்து ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்க ஒரு அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். மழை நாள், காலெல்லாம் சேறு. மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அப்படியே சுருங்கிப்போனேன். கொஞ்ச காலம் போய் ஒரு ஆங்கிலக் கதையில் 'எ விதரிங் லுக்' என்று படித்தேன். எதிரே நிற்பவரை வாடவைக்கிற பார்வை. அகராதியை நான் தொடவே இல்லை. அந்த மேசை, அந்த முகம், கூடவே அப்பா கையில் இருந்த கொழுந்து, எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

அப்பா கதையைத் தொடங்கினால் எனக்கு நேரம் போவது தெரியாது. மன்னியுங்கள். ஆனால் நான் சொல்லவந்தது முழுக்க இந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

கொஞ்சம் நம் தாத்தா பாட்டிகளை நினைத்துப் பாருங்கள். 'பிரட்டு' என்கிறோம். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற அந்த பிரட்டு. அது 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல். 'கொந்தரப்பு' என்பது 'கொன்ட்ராக்ட்'. நாம் குடியிருக்கிற லயம், 'லைன்'. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதற்கு முன்னால் கோப்பிக் காலத்திலேயே இந்த மலைக்கு வந்தவர்கள் நம் ஆட்கள். அவர்கள் கையில் யார் சொற்பட்டியல் கொடுத்தது? விடியுமுன்னே "பிரட்டுக்கு நேரமாச்சு" என்றார்கள், பின்னேரம் "கொந்தரப்பு முடிஞ்சுது" என்றார்கள். தினமும் வசனத்தில் வந்ததால் அந்தச் சொற்கள் நின்றன. நின்றது மட்டுமா, நம் வாய்க்கு ஏற்ற மாதிரி உருவம் மாறித் தமிழாகவே ஆகிவிட்டன.

இதைச் சொன்னால் டியூஷன் போகிற பிள்ளைகள் கேட்பார்கள்: "டீச்சர், எங்களுக்கு நேரமில்லை. ஒரு நாளைக்கு 30 சொல் பாடமாக்கினால் போதாதா?" சரி, கணக்குப் பார்ப்போம். 30 சொல் வீதம் 365 நாளைக்கு 10,950 சொல். யாருடைய உதவியும் இல்லாமல் ஆங்கிலப் பத்திரிகை, நாவல் படிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள், அதாவது ஒரு சொல்லும் அதன் வேறு வடிவங்களும் சேர்ந்த குடும்பங்கள், தெரிந்தால் போதும் என்று போல் நேஷன் என்ற நியூசிலாந்து அறிஞர் 2006இல் எழுதினார். அப்படிப் பார்த்தால் ஒரே வருடத்தில் எல்லோரும் கரையேறியிருக்க வேண்டும். ஏறினோமா?

ஏன் ஏறவில்லை? ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்பவர் தன்னையே வைத்துச் சோதித்துப் பார்த்து, அதை 1885இல் வெளியிட்டார். அர்த்தமே இல்லாத அசைகளைப் பாடமாக்கி, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று கணக்கெடுத்தார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விட்டது. வசனம் இல்லாமல் பாடமாக்குகிற சொல்லும் கிட்டத்தட்ட அந்த அர்த்தமில்லாத அசை மாதிரித்தான். பிடித்துக்கொள்ள அதற்கு ஒரு இடமும் இல்லை.

மறப்பதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருக்கிறது. பாடமாக்கியது ஞாபகம் இருந்தும், பிழையான இடத்தில் வந்து விழுவது. நல்ல கெட்டிக்காரப் பையன் ஒருவன் வேலைக்கு விண்ணப்பம் எழுதி என்னிடம் காட்டினான். கோயில் திருவிழாவுக்கு நண்பர்களோடு சேர்ந்து வேலை செய்ததை 'வீ கன்ஸ்பயர்ட்' என்று எழுதியிருந்தான். அவன் வைத்திருந்த பட்டியலில் 'கன்ஸ்பயர் - கூடித் திட்டமிடு' என்று இருந்தது. அவனில் என்ன பிழை? அந்தச் சொல் சதிக்கும் சூழ்ச்சிக்கும் பக்கத்தில்தான் நிற்கும் என்று பட்டியல் சொல்லவில்லை. தமிழில் நமக்கு இது தானாகத் தெரியும். 'காலமானார்' என்றால் இறந்தார் என்றுதான் அர்த்தம். அதற்காக வீட்டு நாய் காலமானது என்று யாரும் சொல்வோமா? எந்தச் சொல் எதோடு சேரும் என்பது அர்த்தத்தில் பாதி. அந்தப் பாதியைப் பட்டியல் தராது. வசனம் எழுதி, தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தும்போதுதான் அது வரும்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். ஹுல்ஸ்டைன், லாஃபர் என்ற இரண்டு பேர் நெதர்லாந்திலும் இஸ்ரேலிலும் ஆங்கிலம் படித்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. 10 புதுச் சொற்கள். ஒரு பகுதியினர் அர்த்தம் ஓரத்தில் கொடுத்த பாடத்தை வாசித்தார்கள், இன்னொரு பகுதியினர் அந்தச் சொற்களை வைத்துத் தாங்களே எழுதினார்கள். எழுதியவர்களுக்குத்தான் கூடுதலாக ஞாபகம் இருந்தது. ஆனால் இன்னொன்றையும் நான் மறைக்கக் கூடாது. கீத் ஃபோல்ஸ் என்பவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒரு தடவை வசனம் எழுதியவர்களைவிட மூன்று தடவை கோடிட்ட இடம் நிரப்பியவர்கள் நன்றாகச் செய்திருந்தார்கள். அதனால் ஒரு வசனம் எழுதிவிட்டுக் கொப்பியை மூடிவைக்காதீர்கள். ஒரு சொல்லுக்கு மூன்று வசனம். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று, அடுத்த கிழமை ஒன்று.

மூன்று வசனம் என்றதும் ஒரு பிள்ளை ஞாபகம் வருகிறது. ஜூன் மாதம், தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலை. தகரக் கூரையில் விழுகிற மழையில் நான் பேசுவது முன் வாங்குக்கே கேட்கவில்லை. சரி, இந்த மழைக்கே ஒரு சொல் தருவோம் என்று 'ரிலென்ட்லெஸ்' என்று எழுதினேன். விடாத, இரக்கம் காட்டாத. அந்தப் பிள்ளை முதலில் எழுதியது: 'தி ரெயின் வோஸ் ரிலென்ட்லெஸ், பட் மை மதர் டைட் ஹர் படங்கு அண்ட் வென்ட்.' மழை விடவே இல்லை, ஆனாலும் அம்மா படங்கைக் கட்டிக்கொண்டு போனாள். இடுப்பில் கட்டுகிற படங்குக்கு ஆங்கிலம் தெரியாமல் படங்கு என்றே எழுதியிருந்தாள். அதை நான் வெட்டவில்லை. அடுத்த நாள் 'தி லீச்சஸ் ஆர் ரிலென்ட்லெஸ்' என்று கொண்டுவந்தாள். கொழுந்து மலையில் அட்டை கடி வாங்கியவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். மூன்றாவதுதான் எங்களை நிறுத்தியது. 'மை மதர் இஸ் ரிலென்ட்லெஸ்.' அம்மாவை அப்படிச் சொல்லலாமா? ஒரு பிள்ளை, அது அம்மாவைக் கொடுமைக்காரி என்கிற மாதிரி இருக்கிறது என்றாள். இன்னொருத்தி, விடாமல் பாடுபடுகிறவள் என்றும் எடுக்கலாமே என்றாள். இரண்டும் சரி. அந்தச் சொல்லுக்குள் ஒரு கடுமை இருக்கிறது, எதற்காக விடாமல் நிற்கிறாள் என்பதைச் சேர்த்து எழுதினால் அது பாராட்டாகும் என்றேன். அவள் பேனையை எடுத்து, 'அபவுட் மை எடியுகேஷன்' என்று பின்னால் சேர்த்தாள். என் படிப்பு விஷயத்தில் அம்மா விடவே மாட்டாள். ஒரு பாடவேளை முழுக்க ஒரே ஒரு சொல்லுக்குப் போனது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

நம் மண்ணில் இதற்கு முன்னோடியும் இருக்கிறார். மடக்கும்பர தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் இருந்து நாடாளுமன்றம் போனவர். தோட்டத்து வாழ்க்கையை ஆங்கிலத்தில் கவிதையாக எழுதினார். ஆங்கிலத்தைக் கொண்டு நம் லயத்தைப் பற்றிப் பேசினார். அவரைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசைதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். அகராதி வாங்குவது பற்றிப் பெற்றோருக்குச் சொல்ல ஒரு பக்கம் எழுதிவந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ் அர்த்தம் மட்டும் தருகிற சின்ன அகராதியோடு நிறுத்தாமல், வசன உதாரணம் தருகிற மாணவர் அகராதி ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். ஜப்பானில் ஆங்கிலம் படிப்பித்த ஹோர்ன்பி என்ற ஆசிரியர், சொல்லை வசனத்தில் எப்படி வைப்பது என்று காட்டுகிற அகராதியை 1942இல் அங்கேயே வெளியிட்டார். அதுதான் பிறகு ஒக்ஸ்ஃபோர்ட் மாணவர் அகராதியானது. வாங்க வசதி இல்லாவிட்டால் நூலகத்தில் கேளுங்கள், போனிலும் இலவசமாகப் பார்க்கலாம்.

கடைசியாக, இன்றைக்கு ஒரு சொல். 'ஸ்டீப்'. நாம் ஏறி இறங்குகிற மலையும் ஸ்டீப். கடையில் தேங்காய் விலை கேட்டால் அதுவும் ஸ்டீப். கொதிநீரில் தேயிலையை ஊறவிடுவதும் ஸ்டீப்தான். மூன்று அர்த்தம், மூன்று வசனம், மூன்றிலும் உங்கள் வீட்டில் இருக்கிற ஏதாவது ஒன்று வரட்டும். எழுதியதை நாளைக்கு உங்கள் டீச்சரிடம் காட்டுங்கள். வணக்கம்.